தார் பாலைவனத் திகில் கதைகள்: ஜெய்சல்மேர், பார்மர் பக்கம் இருந்தவர்கள் உதவுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களுக்கு வணக்கம். தார் பாலைவனத்தில் நடக்கும் ஆறு திகில் சிறுகதைகளைத் தொகுப்பாகக் கோத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் இணைப்பது ஒரு தோல் சால். நம்மூரில் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலைச் சால் மாதிரிதான். முதல் கதையில் கயிறு அறுந்து கிணற்றில் விழுவது, அடுத்ததில் வேறொருவர் கையில் ஈரமாகவே இருக்கும்.

சிக்கல் மூன்றாவது கதையில். அந்தப் பக்கம் 'பீவணா' என்று ஒரு பாம்பைச் சொல்வார்கள். தூங்குகிறவர் மூச்சைக் குடித்துவிடுமாம். நம்பிக்கைக்குப் பின்னால் இருப்பது கட்டுவிரியன் வகை. கடித்தது பல நேரம் தெரியாது, பல்தடமும் தேடினால்தான் கிடைக்கும். பிறகு வயிற்றுவலி, இமை தொங்கல், விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சுத் தசை செயலிழப்பு. இந்த வரிசையைக் கலைக்காமல் எழுதினாலே போதும், பேய் தேவையில்லை! ஆனால் எங்கள் ஆள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் படுத்தவரைத்தான் கடிக்கும். கட்டிலை எடுத்தால் ஐந்தாம் கதை சரிந்துவிடும், அதில் பேசுவதே அந்தக் கட்டில்கால்தான்.

அரூர், ஊத்தங்கரை பக்கம் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்து திரும்பிய அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்: அங்கே கோடையில் வெளியே கட்டிலா, தரையா? மணலில் காலடித் தடம் எவ்வளவு நேரம் நிற்கும்? இரவில் மணல்மேடு சரிந்தால் சத்தம் எப்படி இருக்கும்?

கதை நடப்பது 1960, கால்வாய்த் தண்ணீர் ஜெய்சல்மேருக்கு வராத காலம். படித்துப் பார்க்க இரண்டு பேர் தேவை. கமெண்டில் சொன்னால் பிரதி அனுப்புகிறோம்.