வீட்டில் செய்த கவசத்துக்குப் பழைய இரும்பு நிறம் பூசினீர்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

செம்பூர் அம்மா:
மகனுடைய நாடகத்துக்குச் சோழ வீரன் மார்புக்கவசம். ஈவா ஷீட் என்கிற ஃபோம் தகடு, அதை வளைக்கச் சூடான காற்று ஊதும் ஹீட் கன், ஃபெவிகால் மூன்று கை (மூன்று பூச்சு), கறுப்பு, மேலே வெள்ளி டிரை பிரஷ், அதாவது பெயின்ட்டை ஏறக்குறைய துடைத்துவிட்ட பிரஷ்ஷால் லேசாக ஒரு தடவல். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். துருவுக்கு ஆரஞ்சும் பழுப்பும் ஸ்பாஞ்சால் கவசம் முழுக்க ஒற்றியிருந்தேன். பெயின்ட் முழுசாகக் காயாததால் பையில் போட முடியவில்லை. கையில் ஏந்திக்கொண்டு குர்லா ஸ்டேஷனில் நின்றேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர், பேச்சு திருநெல்வேலிப் பக்கம். "இது எந்தக் காலத்து இரும்பும்மா?" என்றார். ஃபோம் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. தாருகானாவில் கப்பல் உடைக்கிற வேலை பார்த்தவராம். கவசத்தை அவர் தொடவே இல்லை. ஓர் அங்குலம் தள்ளி, காற்றிலேயே விரலை ஓட்டினார். "தோள்ல வார் உரசுத எடம் பளிச்சுன்னு இருக்கணும். இங்க போய் துரு பூசிருக்கியே. துரு ஒதுங்கி இருக்கும். ஆணித் தலைக்கு அடியில, மடிப்புக்குள்ள, தண்ணி நின்னு வடியுத எடத்துல. அங்கேந்து கீழ இறங்கும்." அந்த விரலில் நகம் பாதிதான் இருந்தது. ஒவ்வொரு ஆணியின் அடியிலும் நின்று, அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கியது. அதற்குள் என் வண்டி வந்துவிட்டது.

ராத்திரியே தோள்பட்டையில் கறுப்படித்து மறுபடியும் வெள்ளி ஏற்றினேன். ஆணிக்கடியில் மட்டும் பழுப்பை நீர்க்க விட்டு, கீழ்நோக்கி வழித்தேன். மகன் போட்டுக்கொண்டு நின்றபோது அது இரும்பாகவே இருந்தது. அதை அவரிடம் காட்ட முடியவில்லையே என்றுதான் இன்னும் உறுத்துகிறது.

மாட்டுங்கா வாசி:
அக்கா, பெரியவர் சொன்னது கேட்பாரற்றுக் கிடந்த இரும்புக்குப் பொருந்தும். போர்வீரன் கவசம் அப்படிக் கிடக்காது, எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பான். காலா கோடாவில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயா அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கே அக்பரின் மார்புக்கவசம் இருக்கிறது, 1581ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உருக்கு, அதன்மேல் எழுத்து. நான் வெள்ளி டப்பாவின் நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு போனேன். பார்த்தால் எனக்கு அது இருட்டாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண் "அப்பா, இது கறுப்பா வெள்ளையா?" என்று கேட்டாள். அவள் அப்பாவிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அன்றிலிருந்து நான் வெள்ளியை நேராகப் பூசுவதில்லை. கறுப்பில் கொஞ்சம் வெள்ளி கலந்து அடித்துவிட்டு, விளிம்பில் மட்டும் சுத்த வெள்ளி.

முலுண்ட் தம்பி:
என்னுடையது தலைக்கவசம், தெர்மாகோல். கடைக்காரர் "எந்த ஸ்பிரேயும் அடிக்கலாம்" என்று அடித்துச் சொன்னார். நம்பி அடித்தேன். நெற்றிப் பக்கம் கண்ணெதிரே குழி குழியாக உள்வாங்கியது, கூடவே சுருங்குகிற ஒரு மெல்லிய சத்தம். பத்து நாள் உழைப்பு. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தாராவி பட்டறை:
தம்பி, ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். முதலில் ஃபெவிகாலும் காகிதமும் ஒட்டி முழுக்க மூடியிருக்க வேண்டும். எனக்கும் ஒன்று நடந்தது. ஜூலையில் மொட்டை மாடியில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தேன், ஈரக் காற்றில் கவசம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் எல்லோருக்கும் சில விஷயம் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் ஒவ்வொரு கைக்கும் ஒரு நாள் முழுசாக விடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். வார்னிஷ் அடிக்கிற நாளில் வெயில் இருக்க வேண்டும். மினுக்கில்லாத மேட் வார்னிஷை மொத்தமாக அடித்தால் உலோக மினுக்கே செத்துப்போகும், துருப் பகுதிக்கு மட்டும் மேட் போடுங்கள். பித்தளை என்று காட்ட நினைத்தால் ஆரஞ்சுத் துரு கூடவே கூடாது. பித்தளைக்குப் பிடிப்பது களிம்பு, அது பச்சை. வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சிராய்ப்பு வேண்டுமென்றால் ஸ்பாஞ்சைப் பிய்த்து முதலில் அடர் பழுப்பை ஒற்றுங்கள். காய்ந்ததும் அந்தப் புள்ளிக்கு உள்ளே, ஓரம் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளி வையுங்கள். பழுப்பு ஓரம் தெரிந்தால்தான் பெயின்ட் பெயர்ந்து இரும்பு தெரிகிற மாதிரி இருக்கும். விளிம்புக்குப் பென்சில் முனையைச் சுரண்டி, தூளை விரலால் தேயுங்கள். எந்த வெள்ளி பெயின்ட்டும் அந்த மினுக்கத்துக்கு ஈடாகாது. ஆனால் கையிலும் சட்டையிலும் ஒட்டும், அக்குள் பக்கம் வேண்டாம். ஈவா ஷீட்டைத் தேய்க்கும்போதும் சூடு காட்டும்போதும் முகமூடி போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மேடைக்கென்றால் இருட்டையும் வெளிச்சத்தையும் இரட்டிப்பாக்குங்கள், பத்தாவது வரிசைக்கு நுணுக்கம் போய்ச் சேராது.

சயான் கோலிவாடா:
களிம்பு, துரு எல்லாம் சரி. என் மகளுக்குக் கர்ணன் வேஷம். நானும் ஊரோடு ஒத்துப் பொன் கவசத்தில் பழுப்பு வழிய விட்டேன். நாடகம் முடிந்ததும் எதிர் வீட்டுப் பாட்டி வந்து, மகளின் மார்பில் கை வைத்துப் பார்த்தார். "கூடப் பொறந்த கவசம்டா, இதுல எப்படித் துரு வரும்? அறுத்துக் குடுத்தானே, அந்த ஓரத்துல ரத்தம்ல இருக்கணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. அடுத்த முறை போட்டபோது பழுப்பைத் துடைத்துவிட்டு, விளிம்பு நெடுக மட்டும் கருஞ்சிவப்பு வைத்தேன்.

செம்பூர் அம்மா:
மாட்டுங்கா தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. நான் ஏறி, வண்டி நகர ஆரம்பித்த பிறகும் அந்தப் பெரியவர் பிளாட்பாரத்தில் கூடவே இரண்டடி நடந்து ஏதோ சொன்னார். சத்தத்தில் "எண்ணெ" என்கிற ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. ஆனால் கை தெளிவாகத் தெரிந்தது. உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, வட்டமாகத் துடைத்துக் காட்டினார்.