இறக்கை நீளமா, விரியகலமா?

அன்பின் குழுவினருக்கு,

விமானத்தின் ஒரு பக்க இறக்கை நுனியிலிருந்து மறுபக்க நுனி வரையுள்ள அளவுக்கு நம்ம பாடக்குறிப்பில் 'இறக்கை நீளம்' என்று தம்பி நேற்று எழுதியிருந்தார். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வாசிப்பவர் ஒரு பக்க இறக்கையை மட்டும் நினைத்துக்கொள்வார். நடுவில் உடலின் அகலமும் சேர்கிறது என்பது அந்தச் சொல்லில் இல்லை.

விமான நிலையம் திட்டமிடுபவருக்கு இந்த அளவு உயிர்நாடி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதைக் கொண்டுதான் விமானங்களுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து வைத்திருக்கிறது. 52 மீற்றர் முதல் 65க்குள் என்றால் ஈ, 65 முதல் 80க்குள் என்றால் எஃப். எழுத்து மாறினால் விமானம் ஊர்ந்து செல்லும் பாதைகளின் இடைவெளியும் தரிப்பிடத்தின் அகலமும் மாறும். 79.8 மீற்றர் கொண்ட ஏர்பஸ் ஏ380 என்ற பெரிய பயணிகள் விமானம் வந்தபோது பல பெரிய விமான நிலையங்கள் அப்படித்தான் மாற்றிக் கட்டின. நம்ம மட்டக்களப்பில் இறங்கக்கூடிய செஸ்னா கரவன் என்ற சிறு விமானத்துக்கு 16 மீற்றர்கூட இல்லை, அது பி.

இனித்தான் சிக்கல். இறக்கை நீண்டால் எரிபொருள் மிச்சமாகும், ஆனால் தரையில் இடம் போதாது. அதனால் போயிங் 777எக்ஸ் விமானத்துக்கு மடியும் நுனி வைத்தார்கள். பறக்கும்போது 71.8 மீற்றர், தரையில் மடித்தால் 64.8. எஃப் ஆக வேண்டியது ஈ தரிப்பிடத்திலேயே நிற்கும். வாவியில் கம்பின் மேல் செட்டை (இறக்கை) விரித்துக் காயும் நீர்க்காகம், பக்கத்தில் இன்னொன்று வந்து குந்தினால் ஒடுக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதுபோலத்தான்.

ஒரே விமானத்துக்கு இரண்டு அளவு, ஆகவே இரண்டு சொல் வேண்டும். விரியகலம், மடியகலம் என்று வைப்போமா? மடிகணினி போல இரண்டும் வினைத்தொகை.

—

அண்ணன்,

சோடியாக வருவது நல்லது, 'இறக்கை நீளம்' என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் வெறும் 'விரியகலம்' என்றால் குடைக்கும் பொருந்துமே? முதல் தடவை 'செட்டை விரியகலம்' என்று எழுதிவிட்டு அப்புறம் சுருக்கலாம். 'செட்டை' நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சொல்.

—

தம்பி,

முதல் தடவை முழுதாக எழுதுவது சரி. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குச் செட்டை பிடிபடாமல் போகலாம். பாடக்குறிப்பில் 'இறக்கை விரியகலம்' என்று போட்டு, பக்கத்தில் செட்டையையும் தருவோம். மடியகலத்துக்கு மாற்றுச் சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.