கேமரன் மலையில வானம் படம் எடுக்கும்போது போகப்போக நட்சத்திரம் மங்குது, லென்ஸ் மாத்தணுமா?

தாப்பா தம்பி:
வணக்கம். நான் தாப்பா பக்கம் செம்பனைத் தோட்டத்துல இருக்கேன், இங்க பட்டணத்து வெளிச்சத்துல பால்வீதி சரியா தெரியாது, அதனால கேமரன் மலையில பிரிஞ்சாங் மேல போய் ரோட்டு ஓரமா டிரைபாட் போட்டு எடுக்கிறேன். கேனான், கூட வந்த 18-55 லென்ஸ்தான். 18 எம்எம், லென்ஸ் துளை எஃப் 3.5, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 3200, ஒரு படத்துக்கு 20 செகண்ட். முதல்ல வர்ற படம் எல்லாம் நல்லா கூர்மையா இருக்கு, முக்கா மணி நேரம் போனா மங்கிடுது, பெரிய நட்சத்திரத்தைச் சுத்தி வெளிச்சமா ஒரு வளையம், வானம் கறுப்பா இல்லாம சாம்பலா வருது. போக்கஸைத் தொடவே இல்ல. கூட்டாளி புது லென்ஸ் வாங்கச் சொல்றார், ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல ஆகும், அதான் முதல்ல இங்க கேக்கிறேன்.

ஈப்போ அண்ணன்:
போக்கஸ் நகர்ந்திருக்கும் தம்பி. மேனுவல்ல போட்டு போக்கஸ் வளையத்துல டேப் ஒட்டிடு. லைவ் வியூல, அதாவது பின்னால இருக்கிற திரையில, 10 மடங்கு பெருசாக்கி ஒரு பெரிய நட்சத்திரத்தைப் பாத்து வை, வளையத்தைக் கடைசி வரைக்கும் திருப்பினா ரொம்ப தூரத்துக்கான இன்ஃபினிட்டி இடத்தைத் தாண்டிப் போயிடும்.

ரிங்லெட் அக்கா:
அண்ணே, டேப் ஒட்டுறது நல்லதுதான், ஆனா தம்பி சொல்றது போக்கஸ் கோளாறு மாதிரி தெரியல. போக்கஸ் போனா நட்சத்திரம் விளிம்போட சின்னத் தட்டு மாதிரி விழும், வானம் கறுப்பாத்தான் இருக்கும். வளையமும் சாம்பலும் சேர்ந்து வந்தா அது பனி தம்பி, லென்ஸ் கண்ணாடி மேல ஈரம் படிஞ்சிருக்கு. மங்க ஆரம்பிச்சதும் டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாரு, நேரா அடிச்சா தெரியாது.

தாப்பா தம்பி:
அக்கா நேத்து ராத்திரி போய்ப் பாத்தேன், நீங்க சொன்னதேதான், கண்ணாடி பூரா பொடிப்பொடியா ஈரம். துணியில துடைச்சேன், கொஞ்ச நேரத்துல மறுபடியும் வந்துடுச்சு. கேமரா குளிர்ந்து போற மாதிரி கார்ல ஏர்கான் போடவே இல்ல, கேமராவும் ரொம்ப நேரமா வெளியதான் இருந்துச்சு, அப்புறம் ஏன்க்கா?

ரிங்லெட் அக்கா:
ஏர்கானுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. திறந்த வானத்தைப் பாத்து நிக்கிற கண்ணாடி தன் சூட்டை மேல விட்டுட்டே இருக்கும், அதனால சுத்தி இருக்கிற காத்தை விடவே குளிர்ந்து போயிடும், இங்க காத்துல எப்பவும் ஈரம், உடனே படிஞ்சிடும். நம்ம ஊர்ல இது இன்னும் மோசம், ஏன்னா பால்வீதியோட நடுப்பகுதி தெற்கால 56 டிகிரி உயரம் வரைக்கும் ஏறும், ஜூலையில நடுராத்திரி வாக்குல அங்க இருக்கும், அதை எடுக்க லென்ஸை நல்லா மேல தூக்கி வைக்கணும், தூக்கத் தூக்க வானம்தான் அதுக்கு முன்னால. துடைச்சா ஈரம் தேய்ஞ்சு இன்னும் கெடும், துடைக்காதே. லென்ஸுக்குச் சூடு குடு, ரெண்டு மூணு டிகிரி கூட இருந்தாப் போதும். பவர் பேங்க்ல மாட்டுற சூடு பட்டை இருக்கு, இல்லன்னா கையில வச்சுக்கிற சூடு பேக்கெட்டை லென்ஸ் முனையில வச்சு பழைய காலுறையோட கட்டு. ஆனா இறுக்கிக் கட்டாதே, அதுக்குள்ள இரும்புத் தூள், காத்து பட்டாத்தான் சூடாகும், மூச்சு முட்டினா அணைஞ்சிடும். கட்டி ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டு அப்புறம் போக்கஸ் பாரு, சூட்டுல லென்ஸ் லேசா நகரும்.

ஈப்போ அண்ணன்:
அக்கா சொல்றதுதான் சரி. இன்னொண்ணு தம்பி, அந்த 20 செகண்டைக் குறை, நேரம் கூடினா நட்சத்திரம் நகர்ந்து கோடா விழும். அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, 500ஐ லென்ஸோட 18 எம்எம்மால வகுத்து, உன் கேமராவோட சின்ன சென்சாருக்காக மறுபடி 1.6ஆல வகுத்தா 17 செகண்டுதான் வரும், அதுலயே ஓரத்துல கோடு இழுக்கும், நான் 13தான் வைப்பேன். ஒரே இடத்துல ஒரு 16 படம் அடுத்தடுத்து எடுத்துக் கம்ப்யூட்டர்ல சீக்குவேட்டர்ங்கிற மென்பொருள்ல ஒண்ணா சேத்துடு, இலவசம்தான், மணல் மணலா வர்ற இரைச்சல் நாலுல ஒரு பங்காயிடும். ரா ஃபைல்ல, அதாவது கேமரா சுருக்காத மூலப் படமா, எடு. புது லென்ஸ் எல்லாம் வேணாம், அதுலயும் இதே பனிதான் படியும்.

தாப்பா தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. கீழ் வானத்துல ஒரு பக்கம் மஞ்சளா ஏறுதே, அதுவும் ஈரமா?

ரிங்லெட் அக்கா:
அது இல்ல, அது பூந்தோட்டத்து லைட்டு. செவ்வந்தி ராத்திரி நீண்டாத்தான் மொட்டு விடும், அதைத் தள்ளிப்போட ராத்திரியில பிளாஸ்டிக் கொட்டகைக்குள்ள லைட்டு போட்டு வைப்பாங்க. அவங்க பொழைப்பு அது, நீதான் இடம் மாத்தணும், கொட்டகை எல்லாம் உனக்கு வடக்கால விழுற மாதிரி தெற்கால திறந்த மேடாப் பாத்து நில்லு. பௌர்ணமி ஒட்டிப் போகாதே, அமாவாசை ஒட்டிப் போ.