மறுமொழி: ‘போர்வைக்குழி’ வேண்டாம், ‘போர்வைக்குடா’ வைப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

இருவோட்டுச் சிப்பிகளின் புதைபடிவங்களை விவரிக்கத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் உரையாடலுக்கு இது என் மறுமொழி. ஓட்டுக்குள் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதையான மேன்டிலுக்கு (mantle) ‘மென்போர்வை’ என்பதில் இனித் தகராறு இல்லை. அது ஓட்டில் ஒட்டியிருந்த தடத்துக்குப் ‘போர்வைக்கோடு’, அதுவும் சரி. அந்தக் கோட்டில் வரும் வளைவான பேலியல் சைனஸுக்குக் (pallial sinus) கிள்ளானிலிருந்து ஐயா ஒருவர் சொன்ன ‘போர்வைக்குழி’தான் இடிக்கிறது. மூக்கடைப்பு சைனஸ் குழிவான அறை. அந்தப் பழக்கத்தில் வந்திருக்கும். இங்கே ஓட்டில் பள்ளமே கிடையாது. கோடு பின்பக்கத்தில் உள்நோக்கி வளைகிறது, அவ்வளவுதான்.

பினாங்கில் இருப்பவர்கள் சந்தையில் லாலா, கெராங் என்ற இருவகைச் சிப்பிகளையும் வாங்கி, சமைத்தபின் ஓட்டைக் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லாலாவில் வளைவு தெரியும். மணலில் புதைந்தபடி, நீரை இழுக்கவும் வெளியேற்றவும் இரண்டு குழல்களை மேலே நீட்டும் உயிரி அது. குழல்களை உள்ளிழுக்கும் தசைக்கு இடம் விட்டுத்தான் கோடு ஒதுங்குகிறது. கெராங்குக்கு அப்படிக் குழல் இல்லை, கோடும் வளையாது.

புதைபடிவத்தில் சதை மிஞ்சுவதில்லை. குழல் இருந்ததா, எவ்வளவு ஆழத்தில் புதைந்து வாழ்ந்தது என்பதற்கெல்லாம் இந்த வளைவுதான் சாட்சி. ஓடே கரைந்து, உள்ளே நிரம்பிய சேறு மட்டும் கல்லாகியிருந்தாலும் சில சமயம் அதன்மேல் கோடு பதிந்திருக்கும். ஆகவே சொல் இன விவரணைக்குள் உட்கார வேண்டும். எழுதிப் பார்த்தேன்: “குடா ஆழமானது, நுனி மழுங்கியது, முன்தசைத் தழும்பை எட்டாது.” (ஓட்டை மூடும் முன்பக்கத் தசை ஒட்டியிருந்த தடம்தான் முன்தசைத் தழும்பு.) இதே இடத்தில் ‘குழி ஆழமானது’ என்றால் ஓட்டின் தடிப்புக்குள் இறங்குவதாகப் படும். விரிகுடா என்று பள்ளியில் படித்தவர்களுக்குக் குடா விளங்காமல் போகாது. பெயரடையும் எளிதாக வருகிறது: வளைவு உள்ளவை ‘குடாக்கோட்டின’, இல்லாதவை ‘முழுக்கோட்டின’.

கோலாலம்பூர் நண்பர்கள் கேட்ட டவோனெல்லா (Daonella) என்ற அழிந்துபோன சிப்பிக்கு இது உதவாது. பகாங்கின் செமந்தான் பாறைப்படிவில் கிடைக்கும், டைனோசர்கள் தோன்றிய டிரையாசிக் காலத்து அந்த ஓடு மெல்லியது, தட்டையானது. களிப்பாறையில் நசுங்கிய பதிவாகத்தான் பெரும்பாலும் வரும். அதை வகைப்படுத்த வெளிவடிவமும், ஓட்டின்மேல் விசிறிபோல் விரியும் கதிர்வரிகளும்தான். ‘கதிர்வரி’ எல்லாருக்கும் சம்மதம்தானே?

அப்புறம், ஓட்டின் கீலருகே புடைத்திருக்கும் பகுதியான அம்போவுக்கு (umbo) ‘அலகு’ என்று ஒரு யோசனை வந்தது. அளவுகள் நிறைந்த பத்தியில் “அலகு 12 மி.மீ.” என்று வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? அம்போவுக்கு ‘முகடு’, அதன் கூர்நுனிக்கு ‘மூக்கு’ என்று பிரித்துவிடலாம்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து