அம்பிலிக்கலுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

முகவை மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு

அன்புடைய குழுவினருக்கு,

இராமநாதபுரத்தில் பட்டயப் படிப்பு மாணவர்களுக்காகக் கடலடி எண்ணெய், எரிவாயு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். தலைப்பு "ஆழ்கடல் எண்ணெய், எரிவாயு: ஓர் அறிமுகம்". வெள்ளி மாலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மற்றச் சொற்களுக்கு ஏதோ ஒரு வழி பிறந்துவிட்டது. ஒன்று மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது: அம்பிலிக்கல்.

கடலில் நிற்கும் எண்ணெய் மேடையிலிருந்தோ மிதக்கும் கப்பலிலிருந்தோ கடலடிக் கிணற்றின் தலைக்கு இறங்கும் கற்றை அது. உள்ளே எஃகுக் குழாய்கள், மின்கம்பி, ஒளியிழை எல்லாம் கயிறு திரித்தாற்போல் சேர்ந்திருக்கும். வால்வைத் திறக்கும் அழுத்தத் திரவம், கருவிகளுக்கு மின்சாரம், குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க மருந்து, மேலிருந்து கட்டளை, கீழிருந்து அழுத்த அளவும் வெப்ப அளவும் என்று அத்தனையும் இதன் வழியேதான். எண்ணெய் மட்டும் இதில் வராது. அதற்குத் தனிக் குழாய்.

வகுப்பில் இதுவரை அம்பிலிக்கல் என்றே சொல்லிவந்தேன். போன வாரத் தேர்வில் ஓலைக்குடா மாணவன் ஒருவன் எழுதியிருக்கிறான்: "அம்பிலிக் கல் என்பது கிணறு நகராமல் இருக்கக் கடலடியில் போடப்படும் கனமான கல்." பக்கத்தில் படம் வேறு. படகு, படகிலிருந்து கயிறு, கயிற்றின் நுனியில் ஆட்டுக்கல் போல ஒரு கல். கல்லுக்குப் பென்சிலால் நிழல்கூட அடித்திருக்கிறான். சுழியம் போட எனக்குக் கை வரவில்லை. அரை மதிப்பெண் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

புலவர், பரமக்குடி

அம்மா, இதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வானேன்? ஆங்கிலச் சொல்லே (umbilical) தொப்புளைக் குறிப்பதுதானே. கொப்பூழ்க்கொடி. முடிந்தது.

கொப்பூழ் பழஞ்சொல். மதுரையைப் பாடும் பரிபாடல் "மாயோன் கொப்பூழ் மலர்ந்த தாமரை" என்றே தொடங்குகிறது. அதுவே வாய்மொழியில் கொப்புள் என்றாகி, தொப்புள் என்று திரிந்தது. கொப்புளம், கொப்பரை, குப்பி எல்லாவற்றிலும் புடைப்பும் குழிவும் சேர்ந்த ஒரு வடிவம் தெரிகிறதல்லவா? அந்த வேர்தான் இங்கும். இதைப் பற்றி நான் தனியே பதினெட்டுப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

தொப்புள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாலும் "தொப்புள்கொடி" என்று எழுதாதீர்கள். நாள், காட்டியோடு சேர்ந்தால் நாட்காட்டி. பொருள், காட்சியோடு சேர்ந்தால் பொருட்காட்சி. ஆகவே தொப்புட்கொடி.

பாம்பன் விசைப்படகுக்காரர்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். தொப்புளுக்கு முன்னால் தலைப்பைப் பாருங்கள். "ஆழ்கடல்" என்று போட்டிருக்கிறீர்களே, அது எங்கள் சொல். 2017இல் இராமேசுவரத்தில் தொடங்கிவைத்தார்களே, அந்த ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டத்தில் சூரை பிடிக்கப் போனவன் எந்த ஆழத்தையும் அளந்துவிட்டுப் போகவில்லை. பாக் விரிகுடாவில் பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டாது. அதை விட்டு வெளியே போனாலே எங்களுக்கு ஆழ்கடல்தான். இவர்கள் சொல்லும் ஆழ்கடல் எவ்வளவு?

பொறியாளர், தங்கச்சிமடம் (வேலை கிருஷ்ணா கோதாவரிக் கடலில்)

அண்ணே, இந்தியக் கணக்கில் 400 மீட்டருக்கு மேல் ஆழ்நீர். 1,500 மீட்டருக்கு மேல் மீ ஆழ்நீர். எங்கள் துறையில் நீர் ஆழம்தான் பேச்சு, கரையிலிருந்து தொலைவு அல்ல. அதனால் தலைப்பை "ஆழ்நீர்" என்று மாற்றிவிட்டால் உங்கள் ஆழ்கடல் உங்களிடமே இருக்கும்.

பாம்பன் விசைப்படகுக்காரர்

400 மீட்டர் என்றால் ஏறக்குறைய 220 பாகம். அவ்வளவு கயிறு என் படகிலேயே கிடையாது. ஆழ்நீர் சரி.

முகவை மொழிபெயர்ப்பாளர்

தலைப்பை மாற்றிவிட்டேன். அட்டை வடிவமைப்பவர் என்னைத் திட்டுவார். இப்போது அம்பிலிக்கலுக்கு வாருங்கள், தயவுசெய்து.

பொறியாளர், தங்கச்சிமடம்

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். உவமை பார்வைக்குப் பொருந்துகிறது; ஆங்கிலத்தில் பெயர் வைத்தவனும் அதைப் பார்த்தே வைத்தான். ஆனால் தாயின் கொடி அறுப்பதற்கென்றே அமைந்தது. குழந்தை பிறந்ததும் அறுத்துவிடுகிறோம். அறுத்தால்தான் குழந்தை தனி ஆள். எங்கள் கொடி அப்படியல்ல. கிணறு உயிரோடு இருக்கும்வரை, இருபது ஆண்டானாலும், அறுபடவே கூடாது. அறுந்தால் அழுத்தம் இறங்கி, கிணற்றுத் தலையிலுள்ள வால்வுகளைச் சுருள்வில் தானே மூடிவிடும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். எண்ணெய் கடலில் கலக்காது; ஆனால் உற்பத்தி நின்றுபோகும்.

அந்த "மருந்து" பற்றியும் ஒரு வார்த்தை, கையேட்டுக்கு உதவும். 2,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நம் தலைமேல் இருக்கும் காற்றைப்போல் 200 மடங்கு. தண்ணீரோ பனிப்பெட்டியின் குளிரில் இருக்கும். அந்தக் குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் எரிவாயுவும் நீரும் கைகோத்துப் பனிக்கட்டி போல உறைந்து குழாயை அடைக்கும். ஒரு முறை அடைத்தால் திறப்பது பெரும்பாடு. அதைத் தடுக்கத்தான் மெத்தனாலோ கிளைக்காலோ (glycol), ஏதோ ஒரு வேதிநீர்மத்தை அம்பிலிக்கல் வழியே ஓயாமல் இறக்குகிறோம். அவ்வளவு ஆழத்துக்கு ஆளை அனுப்ப முடியாது. போவதெல்லாம் மேலிருந்து இயக்கும் எந்திரம். ஆகவே கீழே நடப்பதை அறியவும் கீழே ஒன்றைச் செய்யவும் எங்களுக்கு இருக்கும் ஒரே பிடி இந்தக் கற்றைதான்.

புலவர், பரமக்குடி

தம்பி, ஆகுபெயருக்கு எல்லாப் பண்பும் பொருந்த வேண்டும் என்று எந்த நூற்பா சொல்கிறது? "பாவை வந்தாள்" என்றால் அவள் மரத்தால் செய்தவளா? ஒரு பண்பு பொருந்தினால் போதும்.

கொப்பூழ் வாயில் நுழையவில்லை என்றால் உந்தி இருக்கிறது. அகராதியைப் பாருங்கள்: உந்திக்குக் கொப்பூழும் பொருள், நீர்ச்சுழியும் பொருள், கடலும் பொருள். ஒரே சொல்லில் உங்கள் துறை முழுதும் அடங்கிவிட்டது. உந்திக்கொடி!

பொறியாளர், தங்கச்சிமடம்

ஐயா, உந்து என்றால் இன்றைக்கு மாணவனுக்குத் தள்ளுவதுதான் நினைவுக்கு வரும். ஏவுதளத்திலும் ராக்கெட்டுக்கு எரிபொருளும் மின்சாரமும் ஊட்டும் அம்பிலிக்கல் கோபுரம் உண்டு. அதை உந்திக்கோபுரம் என்றால் அதுதான் ராக்கெட்டைத் தள்ளுகிறது என்று எழுதுவான். அவனுக்கும் அரை மதிப்பெண் போட வேண்டிவரும்.

மன்னார் வாசகி

கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். "தொப்புள்கொடி உறவு" என்று மேடையில் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அந்தச் சொல்லைத் தனியே பார்க்க முடிவதில்லை. கொடி என்று மட்டும் சொன்னாலோ எங்கள் வீடுகளில் தாலிக்கொடிதான். கிணற்றுக்குத் தாலி கட்டுவதா?

கேபிளுக்கு நாங்கள் வடம் என்று எழுதிப் பழகியவர்கள். வடம் என்றாலே பல புரிகள் சேர்ந்து முறுக்கியது. உங்கள் கற்றையும் அப்படித்தானே?

இந்தக் கையேட்டை நாங்களும் வாங்குவோம். 2011இல் எங்கள் மன்னார்ப் படுகையில் 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட நீரின் கீழே எரிவாயு கண்டார்கள், கேர்ன் நிறுவனத்தின் டொராடோ கிணற்றில். கண்டவர்கள் போய்விட்டார்கள், வாயு அங்கேயே கிடக்கிறது. ஆகையால் சொல் இரு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும்.

புலவர், பரமக்குடி

வடம் வடசொல் என்பாரும் உளர். நான் அப்படிச் சொல்லவில்லை. வள் என்னும் வேரிலிருந்து வளை, வட்டம், வடம் என்று வந்ததாகவே கொள்கிறேன். ஆயினும் எதிரிக்கு இடம் கொடுப்பானேன்?

கீழக்கரை வணிகர்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இலக்கணம் படித்தவன் அல்லன். என் வாப்பாவின் வாப்பா சங்கு குளித்தவர். அவர் சொல்ல வாப்பா கேட்டதை எழுதுகிறேன்.

முத்துக்குளிப்பில் ஆள் காலை ஒரு கல்லில் வைத்துக்கொண்டு இறங்குவான். கல் சரசரவென்று அடிக்குக் கொண்டுபோகும். இடுப்பிலோ கையிலோ இன்னொரு கயிறு, அதன் மறுமுனை படகில் நிற்பவன் கையில். கீழே இருப்பவன் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் மேலே இருப்பவன் மூச்சுவிடாமல் தூக்க வேண்டும். பராக்குப் பார்த்தான் என்றால் கீழே ஜனாஸா. அதனால் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். தன் கூடப்பிறந்தவள் தாலியறுக்க யாரும் விடமாட்டானே.

ஆகவே ஓலைக்குடாப் பையன் வரைந்த கல் முழுத் தவறு இல்லை. கல்லை மறந்துவிட்டுக் கயிற்றைப் பார்த்தால் அதுதான் உங்கள் அம்பிலிக்கல். மேலிருந்து உயிர், கீழிருந்து செய்தி. மச்சான் கயிறு என்று வைத்துவிடுங்கள்!

பாம்பன் விசைப்படகுக்காரர்

காக்கா (உங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தானே அழைப்பீர்கள்), அருமை. பாய்மரக் காலத்துப் பெரியவர்கள் மொத்தமான கப்பல் கயிற்றை ஆலாத்து என்பார்கள். அதையும் பட்டியலில் சேருங்கள்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். 2025இல் நம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறு என்று செய்தி வந்தபோது எவ்வளவு கொதித்தோம். இந்தப் பக்கம் 21 தீவும் பவளப்பாறையும், அந்தப் பக்கம் கடற்பசுக் காப்பகம். இப்போது நம் பிள்ளைகளுக்கே கிணறு தோண்டக் கையேடா?

பொறியாளர், தங்கச்சிமடம்

அண்ணே, அவை தரைக் கிணறுகள். எதிர்ப்பு வந்ததும் அனுமதியைத் திரும்பப் பெற மாநில அரசு சொல்லிவிட்டது. நம் ஊர்க் கடலில் தோண்டச் சொல்லி இந்தக் கையேடு இல்லை. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2020 டிசம்பரில் கிருஷ்ணா கோதாவரியில் 2,000 மீட்டருக்குக் கீழிருந்து வாயு வந்தது, 2024 ஜனவரியில் அதே படுகையின் இன்னொரு ஆழ்நீர்ப் பகுதியில் எண்ணெய் வந்தது. வேலை அங்கே இருக்கிறது, நம் பிள்ளைகள் போகிறார்கள். என்னைப்போல.

அச்சம் தேவையில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் 1,500 மீட்டர் நீருக்கு மேல் நின்ற டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணறு பீறிட்டால் வாயை அடைக்க அதன் தலையில் வைத்திருந்த பீறிடல் தடுப்பானை இயக்க, மேடையில் பொத்தானை அழுத்தினார்கள். கட்டளை போய் வேலை செய்யவில்லை. வாயை அடைக்க 87 நாள் ஆயிற்று. அது துளையிடும் காலத்து விபத்து, கட்டுப்பாட்டுக் கம்பிகளும் வேறு வகை. ஆனாலும் காக்கா சொன்ன கயிறு அங்கே அறுந்துதான் போயிருந்தது.

மட்டுறுத்துநர்

கிணறு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தைத் தனி இழையில் தொடங்குங்கள். புதன் இரவாகிவிட்டது. இதுவரை வந்தவை: கொப்பூழ்க்கொடி, தொப்புட்கொடி, உந்திக்கொடி, வடம், மச்சான் கயிறு, ஆலாத்து. யாராவது முடித்துவையுங்கள்.

மன்னார் வாசகி

ஊட்டுவடம்? தாய் ஊட்டுவதும் அதில் வந்துவிடுகிறது, புரி முறுக்கியதும் வந்துவிடுகிறது. வினைத்தொகை, புணர்ச்சிச் சண்டைக்கும் இடமில்லை.

பொறியாளர், தங்கச்சிமடம்

கட்டளையும் செய்தியும் இதில் வரவில்லையே. ஊட்டுவது பாதி வேலைதான். ஆனால் அசல் சொல்லிலும் அது இல்லை. என் வாக்கு இதற்கு.

முகவை மொழிபெயர்ப்பாளர், வியாழன் மாலை

இன்று வகுப்பில் கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதிவிட்டு, விளக்கம் சொல்லாமல், படத்தில் எது என்று காட்டச் சொன்னேன். கொப்பூழ்க்கொடியை ஒருவராலும் படிக்கவே முடியவில்லை. ஒரு பெண் "கொப்புளக்கொடி" என்றாள். தொப்புட்கொடி என்றதும் பின்வரிசையில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம். ஊட்டுவடத்துக்குப் பாதிப் பேர் சரியாகக் காட்டினார்கள். மீதிப் பேர் எண்ணெய் ஏறிவரும் குழாயைக் காட்டினார்கள். மச்சான் கயிற்றை மட்டும், கதையைச் சொன்ன பிறகு, எல்லோரும் சரியாகக் காட்டினார்கள். ஓலைக்குடாப் பையன் எழுந்து, "அப்படியென்றால் எனக்கு முழு மதிப்பெண் உண்டா?" என்று கேட்டான்.

கையேட்டின் உடலில் ஊட்டுவடம், முதன்முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே அம்பிலிக்கல். காக்காவின் கதை ஒரு பெட்டிச் செய்தியாக, அனுமதி கொடுத்தால். நாளை காலை பத்து மணிக்குக் கோப்பை அனுப்புகிறேன். இனித் திருத்தம் வேண்டாம்.

கீழக்கரை வணிகர்

தாராளமாகப் போடுங்கள். பெயர் மட்டும் வேண்டாம்.

புலவர், பரமக்குடி, வெள்ளி காலை 9.40

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. என் எழுத்தில் கொப்பூழ்க்கொடி என்றே வரும். பதினெட்டுப் பக்கத்தை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒன்று மட்டும். நீங்கள் பார்வைக்கு அனுப்பிய கோப்பில் மூன்று இடத்தில் "ஊட்டு வடம்" என்று இடைவெளி விட்டிருக்கிறது. சேர்த்தெழுதுங்கள். இல்லையேல் ஏதோ ஊட்டுகிற வடை என்று படித்துத் தொலைப்பான்.