பெட்டி ஸ்பெக்ட்ரம் பிளஸ், உள்ளே பழைய போர்டு: இது எந்த மாடல்? (உதவி தேவை)

கேள்வி (திருநகர்)
வணக்கம். சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பிளஸ் (1980களின் பிரிட்டிஷ் வீட்டுக் கம்ப்யூட்டர்) ஒன்று வாங்கினேன். அடியில் யாரோ பெயின்டால் 128 என்று எழுதியிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் போர்டில் இஷ்யூ 3பி என்று அதன் பதிப்பு எண் இருக்கிறது. சிப்களில் 8337, 8341 மாதிரி எண்கள், ஒரு வரிசையில் மட்டும் 8622. ஆன்டெனா சாக்கெட்டை எடுத்துவிட்டு மஞ்சள் ஏவி சாக்கெட் வைத்திருக்கிறார்கள். ரீசெட் பட்டனின் இரண்டு ஒயரும் எதிலும் சேராமல் தொங்குகின்றன. அடாப்டர் இல்லை. வீட்டில் இருக்கும் 9 வோல்ட் ரவுட்டர் அடாப்டரின் பின் பொருந்துகிறது, போட்டுப் பார்க்கலாமா?

பதில் (மேலூர்)
தம்பி, அதைச் செருகிவிடாதீர்கள்! ஸ்பெக்ட்ரத்துக்குப் பின்னின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் இது தலைகீழ். மாற்றிக் கொடுத்தால் டிஆர்4 டிரான்சிஸ்டர் போகும், மைனஸ் 5 வோல்ட் நின்றுபோய் கீழ் மெமரியின் 4116 சிப்களும் போகும். 9 வோல்ட், 1.4 ஆம்பியர் அடாப்டர் வாங்கி, பிளஸ், மைனஸ் சரியாக இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகே செருகுங்கள்.

மாடல் விஷயம். ஸ்பெக்ட்ரம் 128 மாடல் என்றால் வலது பக்கம் வெளியே கறுப்பு ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இருக்கும். உங்களிடம் அது இல்லையென்றால் பெயின்ட் எழுத்தை மறந்துவிடலாம். சிப்பில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டும் வாரம். போர்டு 1983, பிளஸ் பெட்டி வந்ததோ 1984இல். பிளஸுக்கு முந்தைய, ரப்பர் கீ வைத்த ஸ்பெக்ட்ரத்தின் போர்டைப் பிளஸ் பெட்டிக்கு மாற்ற சின்க்ளேரே கிட் விற்றது. அதில் ரீசெட் ஒயரை நாமேதான் சால்டர் செய்ய வேண்டும். யாரோ அதைப் பாதியில் விட்டிருக்கிறார்கள்.

8622 வரிசை மேல் மெமரி இருக்கும் இடமா? அப்படியானால் அந்தச் சிப்கள் பின்னால் சேர்த்தவை; இது 16கே (16 கிலோபைட் மெமரி) மெஷினாகப் பிறந்து பிறகு 48கே ஆனது.

கேட்டவர்
ஆமாம் அண்ணே, அந்த வரிசைதான், எல்லாம் சாக்கெட்டில் இருக்கின்றன. ஹீட் சிங்க் இல்லை. சரியான அடாப்டர் டவுன்ஹால் ரோட்டில் கிடைத்தது. திரையில் 1982 சின்க்ளேர் ரிசர்ச் வரி வந்தது! மெமரியை எப்படிப் பார்ப்பது?

பதில் (மேலூர்)
இந்த பேசிக் கட்டளையை அடியுங்கள், மெமரியின் கடைசி முகவரியைக் காட்டும்: பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733. பீ அமுக்கினால் பிரிண்ட் வரும், எக்ஸ்டெண்ட் மோடில் ஓ அமுக்கினால் பீக். 65535 வந்தால் 48கே, 32767 வந்தால் 16கே.

கேட்டவர்
32767 வருகிறதே அண்ணே.

பதில் (திண்டுக்கல்)
சிப் கெட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பழைய சாக்கெட்டில் கால் கறுத்துப்போய் தொடர்பு விடும். பவரை எடுத்துவிட்டு எட்டு சிப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, காலை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பள்ளம் இருக்கும் முனை மாறாமல் திரும்பப் போடுங்கள்.

கேட்டவர்
மூன்றாவது சிப்பில் ஒரு கால் உள்ளே இறங்காமல் மடங்கியிருந்தது. நிமிர்த்திப் போட்டேன். இப்போது 65535. ரீசெட் ஒயரை எங்கே சேர்ப்பது?

பதில் (மேலூர்)
சி27 கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளிலும். எந்த ஒயர் எந்தப் பக்கம் போனாலும் சரிதான்.