பெரிய வெள்ளிக்குப் பிள்ளைகளைப் பட்டினி போடலாமா?

கடலோரத்தான்:
குளச்சல் பக்கம் கடற்கரை ஊர் எனக்கு. சின்ன வயதில் பெரிய வெள்ளி என்றாலே பயம். ஏழு வயதிலிருந்து காலையில் ஒரு தம்ளர் கட்டங்காப்பி, அவ்வளவுதான். ரேடியோ கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, தங்கச்சியோடு சிரித்தால் தொடையில் கிள்ளு. அப்புறம் வெயிலில் சிலுவைப் பாதை, இயேசுவின் பாடுகளை நினைக்கும் 14 நிலைக்கும் மணலில் முழந்தாள் போட வேண்டும், எட்டாம் நிலைக்குள் முட்டி வெந்துவிடும். இப்போது என் மகளுக்கு 8 வயது. புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிவிட்டாள், இனி அவளும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற நோன்பு) இருக்கட்டும் என்கிறார்கள் அம்மா. நான் முடியாது என்றுவிட்டேன், இரண்டு நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

தேரிக்காடு:
அண்ணாச்சி, நான் சாத்தான்குளம் பக்கம், சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டன்ட் சபை. எங்களுக்கு 12 மணியிலிருந்து 3 மணி வரை மும்மணி ஆராதனை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பிரசங்கம். ‘தாகமாயிருக்கிறேன்’ ஐந்தாவது. அது வரும்போது எங்களுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, 3 மணிக்குக் கஞ்சி உண்டு என்பதால் நாங்களாகவே காலையில் சாப்பிட மாட்டோம். ஓலைப்பட்டையில் ஊற்றுவார்கள், பச்சை ஓலை சூட்டில் வதங்கி ஒரு வாசம் வரும், பட்டை ஓரத்தில் காணத்துவையல் (கொள்ளுத் துவையல்). கை சுடச்சுட அண்ணாந்து குடித்தால் பாதி சட்டையில். வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டுப் போய்க் குடித்தால் அது வெறும் அரிசிக் கஞ்சி. உங்கள் மகளுக்கு அது தெரியாமலே போகும்.

கடலோரத்தான்:
நீங்களாக இருந்ததும் எங்களை இருக்க வைத்ததும் ஒன்றா தம்பி? எங்கள் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படியே ஒருசந்தி 18 வயது முடிந்தவர்களுக்குத்தான், 59 முடிந்தால் கடமை இல்லை. இறைச்சி விலக்கும் சுத்தபோசனமே 14 வயதுக்கு மேல்தான். அம்மாவுக்கு 72, அவர்களே இருக்க வேண்டியதில்லை!

உபதேசியார்_பேத்தி:
அண்ணே, அந்த 14 வயது 1966இல் வந்தது. அதற்கு முன்பு 1917 சட்டத்தில் சுத்தபோசனம் 7 வயதிலேயே தொடங்கிவிடும். உங்கள் அம்மா ஞானோபதேசம் (மறைக்கல்வி) படித்த காலம் அதுதான், அதனால் அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் அப்போதும் ஒருசந்தி 21 வயதுக்கு மேல்தான், ஊரில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எனக்குக் கோபம் வேறு. எங்கள் வீட்டில் பட்டினி கிடந்தது அம்மாவும் நாங்களும், ‘எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருசந்தி’ என்று கோயில் வாசலில் பெருமை பேசியது அப்பா. அவருக்கு மட்டும் 11 மணிக்கு மரவள்ளிக்கிழங்கு அவியும். அந்த வாசத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்லிப் பாருங்கள்!

தேரிக்காடு:
சிரித்துவிட்டேன் அக்கா. ஆனால் கிழங்கு தின்ற அப்பாதான் தப்பு, ஒருசந்தி என்ன செய்தது?

உபதேசியார்_பேத்தி:
சரிதான். எனக்கும் முழுக்க வெறுப்பில்லை. வியாழன் இரவோடு கோயில் மணி நின்றுவிடும், மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த ‘டக் டக்’ கேட்டால் தெருவே அடங்கிவிடும், நாய் கூடக் குரைக்காது என்று நம்பியிருந்தேன். அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள் அண்ணே, பட்டினி இல்லாமலே காட்டலாம்.

கடலோரத்தான்:
அதைக் காட்டுவேன். எங்கள் ஊரில் அன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது, கரையில் வரிசையாகக் கிடக்கும், அதையும் பார்க்கட்டும். ஆனால் எண்ணெய் வைத்துத் தலை சீவித்தான் கூட்டிப் போவேன், மணலில் முழந்தாள் போட விடமாட்டேன். காலையில் நாலு இட்லி.

தேரிக்காடு:
நாலு அதிகம் அண்ணாச்சி. ஒன்றோடு நிறுத்துங்கள், 3 மணிக்குக் கஞ்சி இருக்கிறது.

கடலோரத்தான்:
இரண்டு.